மொன்செராத்தில் ஓர் இரவு

எங்கள் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற கையோடு, தம் துணைவியாருடன் ஐரோப்பியத் திருத்தலங்களுக்குப் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார். பாத்திமா, லூர்து, உரோமை என்று நீளும் அந்தப் பயணத் திட்டத்தை ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் நீட்டினார். அதில் ஓரிடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "காலையில் பார்சலோனாவிலிருந்து மொன்செராத் மலை, அங்கு நான்கு மணி நேரம், மாலையில் நகரத்து விடுதி" என்றிருந்தது. விரும்புவோர் கூடுதல் கட்டணம் செலுத்தி மலையிலேயே ஓர் இரவு தங்கலாம் என்றும் அடியில் சிறிய எழுத்தில் கண்டிருந்தது.

"நான்கு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியாதபடி அந்த மலையில் அப்படி என்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வூதியத்தில் காலந்தள்ளுகிறவர் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கணக்குப் பார்ப்பது குற்றமன்று. நானும் அந்த மலையைக் கண்ணால் கண்டவன் அல்லன். நூல்களின் வழியே அறிந்தவன் மட்டுமே. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்த பழைய நூல்களைத் தூசி தட்டினேன். தேடத் தேட ஒன்று தெளிவாகியது. அந்த மலையின் வரலாற்றில் நினைக்கத்தக்கவை பலவும் இருட்டிய பிறகே நடந்திருக்கின்றன.

மொன்செராத் என்ற கத்தலான் சொல்லுக்கு அறுக்கப்பட்ட மலை என்று பொருள். பார்சலோனாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கும் அம்மலையைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு இரம்பத்தின் பற்களே நினைவுக்கு வருமாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராற்றின் கழிமுகத்தில் படிந்த கூழாங்கற்கள் இறுகிப் பாறையாகி, பின் உயர்ந்து, மழையாலும் காற்றாலும் செதுக்கப்பட்டுத் தூண் தூணாக நிற்கின்றன. உயரம் 1236 மீட்டர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் முன் இது பெரிய உயரமன்று. அந்தத் தூண்களின் இடையே, மலையின் நடுவயிற்றில், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமும் அன்னை மரியாவின் பேராலயமும் உள்ளன.

திருத்தலத்தின் தொடக்கக் கதையே ஓர் அந்திப் பொழுதில்தான் தொடங்குகிறது. 880-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, கதிரவன் மறைந்தபின், மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் வானிலிருந்து ஒளி இறங்குவதையும் இனிய இசை ஒலிப்பதையும் கண்டும் கேட்டும் திகைத்தனர் என்றும், ஒளி தங்கிய குகையில் அன்னையின் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. ஆயர் அத்திருவுருவத்தை மன்ரேசா நகருக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அது அசைக்கவொண்ணாக் கனம் கொண்டதாயிற்றாம். அன்னை அங்கேயே தங்க விரும்புகிறாள் என்று கண்டு சிற்றாலயம் எழுப்பினர். இது பக்தி மரபேயன்றி ஆவண வரலாறு அன்று. இன்று நாம் காணும் திருவுருவம் 12-ஆம் நூற்றாண்டின் மரச்சிற்பம் என்பதே கலை வரலாற்றறிஞர் முடிவு. முகமும் கைகளும் கறுத்திருப்பதால் மக்கள் அவளைச் செல்லமாகக் 'கறுப்பி' என்ற பொருளில் 'மொரெனேத்தா' என்றழைக்கின்றனர். ஆயினும் மரபு சொல்லும் ஒரு குறிப்பை நான் தள்ளிவிட மாட்டேன். இருட்டியதும் மந்தையை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டவர்கள் அந்த ஒளியைக் காணவில்லை.

ஆவண வரலாறு 1025-ஆம் ஆண்டளவில் தொடங்குகிறது. ரிப்போல் மடத்தின் அதிபரும் வீக் நகர ஆயருமான ஒலிபா என்பவர் இம்மலையில் சிறு துறவு மடம் ஒன்றை நிறுவினார். விருந்தினராக வருவோர் அனைவரையும் கிறிஸ்துவையே ஏற்பதுபோல ஏற்க வேண்டும் என்பது புனித ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கு. அவருடைய ஒழுங்கு நூலின் 53-ஆம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. எனவே யாத்திரிகர் தங்குவதற்கு இடமளித்தல் அம்மடத்தாருக்கு வருவாய்க்கான ஏற்பாடாகத் தொடங்கவில்லை. அவர்தம் துறவு வாழ்வின் பகுதியாகவே தொடங்கியது.

அன்று மலைக்கு வந்தோர் எல்லாரும் தங்கித்தான் ஆகவேண்டும். கால்நடையாக ஏறியவர் அன்றே இறங்க இயலாது. கூட்டம் மிகுதியானபோது விடுதிகள் போதா. கோவில் திறந்திருந்தது. ஆகவே யாத்திரிகர் கோவிலுக்குள்ளேயே, அன்னையின் பீடத்தின் முன், இரவு முழுவதும் விழித்திருந்தனர். திருவிழாக் காலங்களில் கோவில் மணலில் துண்டை விரித்துப் படுத்துப் பழகிய நமக்கு அந்தக் காட்சி அந்நியமாய்த் தோன்றாது. இரவு நீளும்; கண் சொருகும்; உறக்கத்தை விரட்டப் பாட்டும் ஆட்டமும் தொடங்கும். ஆனால் ஊர்ப்புறத்தாருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பக்திப் பாட்டாக இருக்குமா? துறவியருக்கு இது பெருந்தலைவலியாக இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. ஆட்டத்தைத் தடை செய்யவில்லை. நல்ல பாட்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். 1399-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியில் பத்துப் பாடல்கள் இசைக்குறிப்புடன் உள்ளன. கோவிலில் இரவு விழித்திருப்போரும் பகலில் முற்றத்தில் கூடுவோரும் பாடவும் ஆடவும் விரும்புவதால், அடக்கமும் பக்தியும் உள்ள பாடல்கள் அவர்களுக்கு வேண்டும் என்றும், செபத்தில் ஆழ்ந்திருப்போரை அவர்கள் தொந்தரவு செய்யலாகாது என்றும் அச்சுவடியே காரணம் கூறுகிறது. சில பாடல்கள் இலத்தீனில். சில மக்கள் பேசிய மொழியில். நம் கும்மியைப்போல வட்டமாய் நின்று ஆடுவதற்கென்றே குறிக்கப்பட்டவையும் உண்டு. மரணம் விரைந்து வருவதைப் பாடும் பாட்டொன்றும் அவற்றுள் அடங்கும். நள்ளிரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், களைத்த கால்களோடு கைகோத்து ஆடிக்கொண்டே சாவைப் பாடிய அந்த ஏழை மக்களை எண்ணிப் பார்க்கிறேன். பிற்காலத்தில் சிவப்பு வெல்வெட் அட்டை கட்டப்பட்டதால் அச்சுவடிக்குச் 'செந்நூல்' என்று பெயர் வழங்குகிறது. 1811-இல் நெப்போலியனின் படைகள் மடத்தைத் தகர்த்து எரித்தபோது நூலகத்தின் பெரும்பகுதி அழிந்தது. பார்சலோனாப் பிரபு ஒருவரிடம் இரவலாகச் சென்றிருந்த காரணத்தால் இந்தச் சுவடி தப்பியது. 1885-இல் மடத்துக்குத் திரும்பியது. இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தராதவர்களைக் கடிந்துகொள்ளும் வழக்கமுடைய நான், இந்த ஒருவரை மட்டும் மன்னிக்கிறேன்.

இனி, எந்த இரவின் பொருட்டு நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேனோ அந்த இரவுக்கு வருகிறேன்.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பாய்ந்து கால் முறிந்த லொயோலா இஞ்ஞாசியார், நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்து மனம் மாறினார் என்பதை நாம் அறிவோம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். எருசலேமுக்குச் செல்வது அவர் எண்ணம், அதற்குக் கப்பலேறப் பார்சலோனா செல்ல வேண்டும், வழியில் மொன்செராத். ஆக, அவருக்கும் அது போகிற வழியில் பார்த்துச் செல்லும் ஒரு மலைதான்.

மனம் மாறிவிட்டதே தவிரப் பழைய படைவீரனின் குணம் மாறவில்லை. வழியில் உடன்வந்த மூர் இனத்தவர் ஒருவர் அன்னையின் கன்னிமையைப் பற்றி ஐயமாகப் பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டார். அவரைத் துரத்திக் குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியாருக்குக் குழப்பம். முடிவு செய்ய இயலாமல், பாதை பிரியும் இடத்தில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அந்த மனிதர் சென்ற ஊர்ப்பாதையில் போனால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. அது நெடுஞ்சாலையில் நடந்தது. பிற்காலத்தில் தேர்ந்து தெளிதலைப் பற்றித் திருச்சபைக்கே கற்பித்தவர், அன்று ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய முடிவைக் கழுதையிடம் ஒப்படைத்தார் என்பதைத் தாமே மறைக்காமல் தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

மலையை அடைந்தவர் உடனே பீடத்தின்முன் போய் நிற்கவில்லை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த துறவி ஒருவரிடம் தம் வாழ்நாள் முழுவதற்குமான பாவசங்கீர்த்தனம் செய்தார். எழுதி வைத்துக்கொண்டு செய்த அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. மார்ச் 24-ஆம் நாள், மங்களவார்த்தைத் திருநாளுக்கு முந்தின இரவு, யாருமறியாமல் ஓர் ஏழையிடம் சென்று தம் விலையுயர்ந்த ஆடைகளைக் களைந்து கொடுத்துவிட்டுச் சாக்குத்துணியாலான அங்கியை அணிந்துகொண்டார். வீரராகப் பட்டம் பெறுவோர் முந்தின இரவு படைக்கலங்களுடன் பீடத்தின்முன் விழித்திருப்பது அக்கால வழக்கம். அவர் இளமையில் விரும்பிப் படித்த வீரக்கதைகளிலெல்லாம் இது வரும். அதே வழக்கப்படி, கையில் யாத்திரைக் கோலுடன், சிறிது நேரம் நின்றும் சிறிது நேரம் முழந்தாளிட்டும், இரவு முழுவதும் கறுப்பு மாதாவின் முன் விழித்திருந்தார். அவருடைய வாளும் குறுவாளும் அன்னையின் பீடத்தருகே தொங்கவிடப்பட்டன. கோவேறு கழுதையையும் மடத்துக்கே கொடுத்துவிட்டார்.

நொண்டும் காலுடன் முழங்காலில் நின்ற அந்த மனிதருக்கு அந்த இரவில் என்ன நேர்ந்தது? ஒளி இறங்கியதாகவோ குரல் கேட்டதாகவோ அவர் எதுவும் சொல்லவில்லை. விழித்திருந்தேன் என்று மட்டும் சொல்கிறார். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது.

விடியற்காலையில், யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதிருக்கும் பொருட்டு, பார்சலோனாவுக்குச் செல்லும் நேர்வழியை விட்டு மன்ரேசாப் பாதையில் இறங்கினார். சிறிது தொலைவு சென்றதும் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்தார். பிச்சைக்காரன் ஒருவன் உயர்ந்த ஆடை அணிந்திருக்கிறான்; நீர் கொடுத்ததாகச் சொல்கிறான்; உண்மையா என்று கேட்டார். ஏழை உடுத்திய நல்லாடை திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்துத் துன்புறுத்தியிருக்கிறார்கள். தாம் செய்த தருமம் அந்த ஏழைக்குத் துன்பமாய் முடிந்ததை அறிந்து இஞ்ஞாசியார் கண்ணீர் விட்டார். இரவெல்லாம் பீடத்தின்முன் விழித்திருந்தவரை மலையடிவாரத்தில் எதிர்கொண்ட முதல் செய்தி இது.

மன்ரேசாவில் சில நாள் தங்குவதே அவர் திட்டம். ஆனால் ஏறத்தாழப் பதினொரு மாதம் தங்கிவிட்டார். 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்று பின்னாளில் நூலான குறிப்புகள் அங்குதான் உருப்பெற்றன. மலையில் கழித்த நாள்களைவிட மன்ரேசாவில் கழித்த மாதங்களே அவரை ஆக்கின என்று அறிஞர் கூறுவர், அது சரியே. எனினும் மன்ரேசாப் பாதை அந்த விடியலில்தான் தொடங்குகிறது. பாரீசில் அவர் சேர்த்துக்கொண்ட தோழர்களுள் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார், சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1542-இல் நம் முத்துக்குளித்துறையில் காலடி வைத்தார். நம் கடற்கரை ஊர்களின் செபங்களைப் பின்னோக்கித் தேடிச் சென்றால் ஒரு கிளை அந்த மலைக்கோவிலின் இரவில் போய் முடியும். அக்கோவில் இன்றில்லை, இப்போதுள்ள பேராலயம் 1592-இல் அர்ச்சிக்கப்பட்டது. அவர் வாள் பார்சலோனாவில் இயேசு சபையாரின் ஆலயத்தில் இருக்கிறது. திருவுருவம் மட்டும் அதுவே.

பகற்பயணம் எப்போது தொடங்கியது? 1892-இல் மலைமேல் பல்சக்கர ரயில் ஏறியது; 1930-இல் கம்பிவடத்தில் தொங்கும் ஊர்தி வந்தது. அதற்கு முன்பு வண்டிப்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏறிய மக்கள், இப்போது காலையில் ஏறி மாலையில் இறங்கத் தொடங்கினர். 1957-இல் நின்றுபோன அந்த ரயில் 2003-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடுகிறது. அடிவாரத்திலிருந்து கால் மணி நேரத்தில் மேலே சேர்த்துவிடுகிறது.

இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் எழுத்தாளர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். பார்சலோனாவின் நெசவாலைகளில் வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. திங்கள் காலை ஆலைச் சங்கு ஊதும்போது அவன் வாயிலில் நிற்க வேண்டும். ஓர் இரவு தங்குவது எத்தனை பேருக்கு இயலும்? ரயில் வந்திராவிட்டால், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881-இல் கத்தலோனியாவின் பாதுகாவலியாக அறிவித்த அந்த அன்னையை, அந்நாட்டு ஏழைகள் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டிருக்க மாட்டார்கள். அன்றே இறங்கியவர்களில் பலர், தங்க விரும்பியும் வழியில்லாதவர்கள். அவர்களுடைய நான்கு மணி நேரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

வேறுவகைப் பகற்பயணியும் உண்டு. 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், இட்லரின் காவற்படைத் தலைவன் இம்லர் பரிவாரங்களுடன் மொன்செராத்துக்கு வந்தான். ஆண்டவர் இறுதி இராவுணவில் பயன்படுத்திய திருக்கிண்ணம் இம்மலையில் மறைந்திருக்கிறது என்ற கட்டுக்கதையில் அவனுக்கு நாட்டமிருந்தது என்பர். மடாதிபதி அவனை எதிர்கொண்டு வரவேற்கச் செல்லவில்லை. செருமன் மொழி அறிந்த இளந்துறவி ஒருவரை அனுப்பினார். உள்நாட்டுப் போரில் தம் சகோதரர் 23 பேரைப் பறிகொடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மடம் அது. வந்தவன் சுற்றிப் பார்த்தான், கேட்டான், அன்றே இறங்கிப் போனான். அன்னையின் மலை அவனுக்கு வெறும் காட்சிப் பொருளாகவே இருந்தது.

சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்தில் கத்தலான் மொழி பொது வாழ்விலிருந்து விரட்டப்பட்டது. 1947 ஏப்ரல் 27-ஆம் நாள் அன்னையின் திருவுருவம் புதிய வெள்ளி அரியணையில் நிறுவப்பட்டபோது பல பத்தாயிரம் மக்கள் மலையில் திரண்டனர். தடுக்கப்பட்டிருந்த தாய்மொழி அங்கே வெளிப்படையாக ஒலித்தது. 1970 டிசம்பரில், பூர்கோஸ் நகரில் இராணுவ நீதிமன்றம் பாஸ்க் இனத்தவர் 16 பேரை விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஓவியர்களான மீரோ, தாப்பியெஸ் உள்ளிட்ட ஏறத்தாழ 300 கலைஞரும் எழுத்தாளரும் மடத்துக்குள் அமர்ந்து இரண்டு இரவுகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுள் பலர் கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். வெளியே காவல்துறை. மடாதிபதி கசியா யூஸ்த் கதவைத் திறந்துவைத்திருந்தார். 53-ஆம் அதிகாரம் இவர்களுக்கும் பொருந்தும் என்று எண்ணினார் போலும்.

அடுத்த ஞாயிறு இவற்றையெல்லாம் அன்பரிடமும் அவர் துணைவியாரிடமும் கோவில் வேப்பமரத்தடியில் சொன்னேன். நான்கு மணி நேரத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அன்னையின் கையிலுள்ள உருண்டை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டு முத்தமிட வரிசையில் நிற்க வேண்டும். ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் இடமாதலால் நேரத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடலாம். பகல் வேளையில் மடத்துப் பாடற்குழுச் சிறுவர்கள் பாடுவதைக் கேட்கும் வாய்ப்பும் அமையலாம். ஐரோப்பாவின் மிகப் பழைய பாடற்குழுக்களில் அதுவும் ஒன்று. கடையில் பாலாடைக்கட்டியும் தேனும் வாங்கலாம். அவ்வளவில் பேருந்து ஒலியெழுப்பும்.

தங்கினால், கடைசி ரயில் இறங்கியபின் முற்றம் காலியாகும். மாலைச் செபத்தில் துறவியர் குரல் கேட்கும். நாம் 'கிருபைதயாபத்து' என்று சொல்லும் அதே செபத்தை அவர்கள் இலத்தீனில் பாடுவார்கள். இரவில் அந்தப் பாறைத் தூண்கள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. விடியலில், கூட்டம் ஏறி வருமுன், வரிசையில்லாமல் அன்னையின்முன் நிற்க முடியலாம். தங்குங்கள் என்பதே என் எண்ணம் என்றேன். மன்ரேசாவுக்கு இறங்கும் பாதை எந்தத் திசையில் இருக்கிறது என்று காலையில் பார்த்துவைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.

அன்பர் தாளை மடித்தும் விரித்தும் யோசித்துக்கொண்டிருந்தார். "மூட்டுவலிக்காரியை வைத்துக்கொண்டு மலையில் இரவு..." என்று இழுத்தார்.

"இஞ்ஞாசியார் உடைந்த காலோடு இரவு முழுக்க நின்றாராம். நமக்குக் கட்டில் தருகிறார்கள் அல்லவா?" என்றார் அவர் துணைவியார்.

அன்பர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அடியிலிருந்த சிறிய எழுத்தை மறுபடி படித்தார். "இதில் போட்டிருக்கும் கூடுதல் கட்டணம் ஒருவருக்கா, இருவருக்கும் சேர்த்தா என்று முதலில் கேட்க வேண்டும்" என்றார்.